கைக்குழந்தையோடு பேராசிரியை ஆகலாமா?

“காலேஜ்ல என்ன பாடம் நடத்துறீங்க?” என்று யாராவது கேட்டால், “அரசியல் அறிவியல்” என்பேன். அடுத்த கேள்வி தயாராக இருக்கும். “ஓஹோ! அப்ப நீங்க எந்தக் கட்சி?”

கல்யாண வீடு, வளைகாப்பு, ரேஷன் கடை க்யூ... எங்கே போனாலும் இதே கதைதான். சிரித்துச் சமாளித்துவிடுவேன். ஆனால், கூட்டம் கலைந்த பிறகு மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்காரும் இளம் பெண்கள் கேட்பது வேறு. “நானும் பி.ஏ.ல அதே பாடம்தான் மேடம். கல்யாணம் ஆச்சு, குழந்தை பொறந்துச்சு, அப்படியே விட்டுப்போச்சு. இனிமே படிச்சு உங்களை மாதிரி வேலைக்கு வர முடியுமா?”

முடியும். ஆனால் இந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி பதில். எத்தனை வருஷம் பிடிக்கும், கையிலிருந்து எவ்வளவு போகும், உடம்பு எப்படித் தாங்கும், எந்த இடத்தில் மனசு விட்டுப்போகும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு பதில். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குழாயடியும் நோபல் பரிசும்

முதலில் இந்தப் பாடத்தைப் பற்றிக் கொஞ்சம். கட்சிக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. நாலு பேருக்குப் பொதுவான ஒரு காரியத்தில் யார் முடிவெடுக்கிறார்கள், எந்த விதிப்படி எடுக்கிறார்கள், மற்றவர்கள் அதற்கு ஏன் கட்டுப்படுகிறார்கள், எப்போது கட்டுப்பட மறுக்கிறார்கள்... இதைத்தான் அரசியல் அறிவியல் ஆராய்கிறது.

நம் தெருக் குழாயடியை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. யார் முதலில், யார் அடுத்து என்று ஒரு வரிசை. யாராவது இரண்டு குடம் கூடப் பிடித்தால் முதலில் ஒரு முறைப்பு, அடுத்த நாள் ஒரு பேச்சு, அதற்கும் அடங்காவிட்டால் குடத்தை நகர்த்திவிடுவார்கள். போலீஸ் வருவதில்லை, சர்க்கார் உத்தரவு ஒட்டுவதில்லை. இருந்தாலும் விதி நடக்கிறது!

இதே மாதிரி விஷயத்தை ஆராய்ந்துதான் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பெண்மணி 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான். ஆனால் அவர் படித்தது அரசியல் அறிவியல். பள்ளிக்கூடத்தில் ‘பெண் பிள்ளைக்கு எதற்கு மேல்கணக்கு’ என்று திரிகோணவியல் படிக்க விடவில்லையாம். கணக்கு போதாது என்று பொருளாதார டாக்டர் பட்டப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. அதனால் அரசியல் அறிவியலுக்கு வந்து, 1965இல் டாக்டர் பட்டம் வாங்கினார். கணவருக்கு இந்தியானா பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்க, இவரும் கூடப் போனார். கொஞ்ச நாள் கழித்து இவருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை 7.30 மணி வகுப்பு! ஒத்துக்கொண்டு போனார். அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம்.

வாய்க்கால், மேய்ச்சல் நிலம், மீன்பிடி கடல் போன்றவற்றைப் பொதுவில் அனுபவிக்கும் மக்கள் தாங்களே விதி வகுத்து, தாங்களே காவல் காத்து, தப்பு செய்தவருக்கு முதலில் சின்னதாகவும் பிறகு பெரிதாகவும் தண்டனை கொடுத்து, பல தலைமுறைகளாகக் காப்பாற்றி வருகிறார்கள் என்று உலகத்தின் பல ஊர்களிலிருந்து ஆதாரத்தோடு காட்டினார். நம் தென் மாவட்டங்களில் கண்மாய்த் தண்ணீரை வயல் வயலாகப் பிரித்து விடும் நீர்க்கட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

இன்னொன்று. நம் அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் 15 பெண்கள் இருந்தார்கள். அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் மூவரும் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வருஷ மாணவிகளுக்கு இதைச் சொல்லும்போது, பின்பெஞ்சில் இருப்பவள்கூட நிமிர்ந்து உட்காருவாள். இந்த உத்தியோகத்தில் சம்பளத்துக்கு மேலே கிடைக்கும் சந்தோஷம் அதுதான்.

நான் வந்த வழி

நான் பி.ஏ. முடித்தது 1993இல். மறு வருஷம் கல்யாணம். 1996இல் மகள். அவள் தவழ ஆரம்பித்த பிறகு அஞ்சல் வழியில் எம்.ஏ. சேர்ந்து 1999இல் முடித்தேன். 2000இல் மகன். விரிவுரையாளர் தகுதித் தேர்வான ‘நெட்’டில் மூன்றாவது தடவை எழுதி 2006இல் தேறினேன். 2007இல் பகுதி நேரமாக பிஎச்.டி. பதிவு செய்து 2013இல் பட்டம். இதற்கு நடுவில் 2004லிருந்து கௌரவ விரிவுரையாளர் வேலை. நிரந்தர வேலை கிடைத்தது 2015இல். அப்போது எனக்கு வயது 42.

கணக்குப் போட்டால் பி.ஏ.விலிருந்து நிரந்தர வேலைக்கு 22 வருஷம்! பயப்படாதீர்கள். முழு நேரமும் படிப்பே கதி என்று இருக்க முடிந்தவர்களுக்கு பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் முடியும். இரண்டு குழந்தை, மாமனார், மாமியார், வந்துபோகும் உறவு எல்லாவற்றுக்கும் நடுவில் படித்தால் இவ்வளவு ஆகிறது.

படிகள் என்னென்ன?

முதல் படி எம்.ஏ. இதில் பொதுப் பிரிவினருக்கு 55 சதவீத மதிப்பெண் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயருக்குள் வராத ஓ.பி.சி. பிரிவினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் 50 சதவீதம் போதும். கல்லூரிக்குப் போக முடியாதவர்கள் தொலைதூரக் கல்வியில் படிக்கலாம். இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985லிருந்து இருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. ஒன்றே ஒன்று: பணம் கட்டுவதற்கு முன்னால், அந்த வருஷத்துக்கு அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. தொலைதூரக் கல்விக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது படி ‘நெட்’ தேர்வு, அல்லது மாநில அளவிலான ‘செட்’. நெட் தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், 3 மணி நேரம். தப்பாக எழுதினால் மதிப்பெண் குறைப்பதில்லை. அதனால் ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். முதல் தாள் எல்லோருக்கும் பொது. கற்பிக்கும் திறன், ஆராய்ச்சித் திறன், கணக்கு, தர்க்கம், கம்ப்யூட்டர் எல்லாம் கலந்து வரும். இரண்டாம் தாள் நம் பாடம். கௌடில்யர், பண்டித ராமாபாய், பெரியார், அம்பேத்கர் எல்லோரும் பாடத்திட்டத்தில் இருக்கிறார்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ் வழியில் படித்தவர்கள் கலைச் சொற்களை இரண்டு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதி வைத்துப் பழகுங்கள். நான் மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். தினம் கையில் எடுக்கிற நோட்டு அதுதானே!

தேர்வு எழுதுகிறவர்களில் சுமார் 6 சதவீதம் பேரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் தடவையிலேயே வராவிட்டால் அழ வேண்டாம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு இந்தத் தேர்வில் வயது வரம்பே கிடையாது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு மட்டும் 30 வயது வரம்பு. அதிலும் பெண்களுக்கு 5 வருஷம் தளர்வு உண்டு. கிடைத்தால், 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். 35 வயதுக்குள் இருப்பவர்கள் இதைக் குறி வைத்தே படியுங்கள். படிப்புச் செலவுக்கு வீட்டில் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

உதவிப் பேராசிரியர் ஆக பிஎச்.டி. கட்டாயமா என்று பலருக்கும் சந்தேகம். 2023 ஜூலை முதல் தேதியிலிருந்து யு.ஜி.சி. விதிப்படி நெட் அல்லது செட் தேறியிருந்தால் போதும். ஆனாலும் பதவி உயர்வுக்கு பிஎச்.டி. மிகவும் உதவும். நேர்முகத் தேர்விலும் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

பிஎச்.டி.யும் பிரசவமும்

நான் ஆராய்ச்சி செய்த காலத்தில் கிடைக்காத சில சலுகைகள் இன்று உங்களுக்கு உண்டு. இவற்றைப் பல ஆராய்ச்சி மாணவிகளே அறிந்திருப்பதில்லை. அதனால் நிதானமாகப் படியுங்கள்.

யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்கு குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம். மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருஷம் நீட்டலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 வருஷம். ஆக, மொத்தம் 10 வருஷம் வரை அவகாசம். படிப்புக் காலத்தில் மகப்பேறு விடுப்பாகவோ குழந்தை பராமரிப்பு விடுப்பாகவோ 240 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். கல்யாணமாகியோ வேறு காரணத்தாலோ வெளியூர் போக நேர்ந்தால், சேகரித்த ஆராய்ச்சித் தகவல்களோடு அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. அந்தந்தப் பல்கலைக்கழக நடைமுறைப்படி விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

“புருஷனுக்கு டிரான்ஸ்பர் ஆயிடுச்சு, அதனால விட்டுட்டேன்” என்று என்னிடம் சொல்லாத பெண்ணே இல்லை. விடுவதற்கு முன்னால் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். எழுத்து மூலமாகக் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கை. தபாலிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு பட்டம் செல்லாது. காசு வாங்கிக்கொண்டு ஆய்வேட்டை எழுதித் தருகிறவர்கள், கட்டுரையைப் பிரசுரிப்பவர்கள் பக்கமும் போகாதீர்கள். பிற்காலத்தில் அது வேலைக்கே உலை வைக்கும்.

என் ஆராய்ச்சி, ஊராட்சிகளில் ஜெயித்த பெண்களைப் பற்றியது. 1992இல் நிறைவேறிய 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 2016இல் அது பாதியாக உயர்ந்தது. நான் ஆராய்ச்சி செய்தது 2006 தேர்தலில் ஜெயித்தவர்களைப் பற்றி.

கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் பக்கத்தில் கணவரோ மைத்துனரோ நின்று பதில் சொல்வார். தலைவர் அம்மா தலையை ஆட்டுவார். மூன்றாவது ஊரில்தான் எனக்கு வழி புலப்பட்டது. “அக்கா, தண்ணி கொஞ்சம் குடுங்க” என்று உள்ளே போய், அவர் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த முறத்துக்கு எதிரே உட்கார்ந்து நானும் ஆய ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷத்தில் பேச்சு தானாக வந்தது. எந்தப் பில்லில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மறுத்தார், எந்தத் தெருவுக்கு விளக்கு வரவேண்டும் என்று யாரோடு சண்டை போட்டார், கிராம சபையில் நாற்காலி போடாதபோது என்ன செய்தார்... எல்லாம் வந்தது. அதன்பிறகு என் ஆராய்ச்சி முக்கால்வாசி அடுப்படியில்தான் நடந்தது. ‘கணவர் நிழலில் இருக்கும் தலைவிகள்’ என்று ஊரார் சொன்ன பல பெண்கள் எவ்வளவு முடிவுகளைத் தாங்களே எடுத்தார்கள் என்று என் ஆய்வேட்டில் எழுத முடிந்ததற்கு அந்த முறம்தான் காரணம். குடும்பப் பெண்ணாக இருப்பது ஆராய்ச்சிக்குத் தடை என்று யாராவது சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

பதினொரு வருஷக் காத்திருப்பு

இனி கஷ்டமான பகுதி.

நெட் தேறிவிட்டால் உடனே வேலை கிடைக்காது. நிரந்தர இடங்கள் குறைவு. அறிவிப்பு எப்போது வரும் என்பதும் நம் கையில் இல்லை. பலரும் கௌரவ விரிவுரையாளராக வருஷக் கணக்கில் இருக்கிறார்கள். நான் 11 வருஷம் இருந்தேன். வகுப்பு, விடைத்தாள், தேர்வு மேற்பார்வை எல்லாம் நிரந்தர ஆசிரியரைப் போலவேதான். சம்பளம் அதில் பாதிகூட இல்லை. மே மாதம் அதுவும் கிடையாது. ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பணம் கட்டும் நேரத்தில்தான் கை காலியாக இருக்கும்!

ஒரு நேர்முகத் தேர்வில், பாடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்காமல், “ரெண்டு குழந்தை இருக்கே, அடிக்கடி லீவு போடுவீங்களா?” என்றார்கள். எனக்கு முன்னால் போன ஆண் விண்ணப்பதாரருக்கும் இரண்டு குழந்தை. அவரை யாரும் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய சோதனை 2012இல் வந்தது. ஓர் ஊரில் ஒரு கல்லூரியில் நிரந்தர இடம் காலி என்று தெரிந்து விண்ணப்பித்தேன். எல்லாம் நல்லபடியாகப் போனது. பிறகு ஒருவர் வீட்டுக்கு வந்து, ‘நன்கொடை’ என்று ஒரு தொகையைச் சொன்னார். எங்கள் குடும்பத்தின் பல வருஷச் சம்பாத்தியம் அது.

வீட்டில் மூன்று நாள் பேச்சு. மாமனார், “ரெண்டு ஏக்கர் நிலம் இருக்கு. அடமானம் வச்சுடலாம். ஆயுசு பூராவும் சம்பளம் வருமே!” என்றார். என் கணவர் போக்குவரத்துக் கழகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். காகிதத்தில் வட்டியோடு கணக்குப் போட்டுப் பார்த்து, “ஏழெட்டு வருஷத்துல அடைச்சுடலாம். உன் இஷ்டம்தான்” என்றார். எனக்கும் ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். எட்டு வருஷமாக ஒரு நிரந்தர நாற்காலிக்காக ஏங்கியவள் நான்.

கடைசியில் என் மாமியார்தான் வாயைத் திறந்தார். ஐந்தாவது வரை படித்தவர். “ஏம்மா, அந்தப் புள்ளைங்களுக்கு நீ என்ன பாடம் சொல்லிக் குடுக்குற? லஞ்சம் வாங்கக் கூடாது, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னுதானே? நாளைக்கு அந்தப் பக்கம் வந்தா உனக்கு வாய் வருமா?” என்றார்.

“வராது அத்தை” என்றேன்.

வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். அந்த இடத்துக்கு வேறு ஒருவர் போனார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அதே குறைந்த சம்பளத்தில்தான் இருந்தேன். ஒவ்வொரு ஜூனிலும் அந்த முடிவு உறுத்தும். மகளுக்கு டியூஷன் வைக்க முடியாதபோது இன்னும் உறுத்தும். 2015இல் வேறொரு அரசு உதவி பெறும் கல்லூரியில் ஒரு பைசா கொடுக்காமல் நியமன உத்தரவு வந்தது. வராமலே போயிருக்கவும் கூடும். அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும். அதனால், நல்லவர்களுக்கு எல்லாம் நல்லதே நடக்கும் என்று உங்களிடம் கூசாமல் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் அரசியல் சட்டத்தின் 14ஆவது பிரிவை நடத்தும்போது என் குரல் தடுமாறுவதில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

நிரந்தர வேலையில் சேர்ந்துவிட்டால், யு.ஜி.சி.யின் ஏழாவது ஊதியக் குழு விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். பஞ்சப்படி தனி. வாரம் 16 மணி நேர வகுப்பு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம்.

உடம்பைக் கவனியுங்கள்

படிக்கும் காலத்திலும் வகுப்பெடுக்கும் காலத்திலும் பெண்கள் முதலில் தள்ளி வைப்பது தங்கள் உடம்பைத்தான்.

தூக்கம்: குழந்தை தூங்கிய பிறகு ராத்திரி 12 மணி வரை படித்து, மறுபடி 4 மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் ஓடும். ஒரு வருஷம் ஓடாது. ராத்திரிப் படிப்பு, விடியற்காலைப் படிப்பு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தினம் ஒன்றரை மணி நேரம் தவறாமல் படித்தாலே போதும்.

ரத்தசோகை: 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ‘புத்தகத்தை எடுத்தாலே தூக்கம் வருது, மறந்துபோகுது’ என்கிறவர்கள் முதலில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். கீரை, பேரீச்சை, கேழ்வரகு, முட்டை, ஈரல் எது ஒத்துக்கொள்ளுமோ அதைச் சேருங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லி நல்லது. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். மாத்திரை டாக்டர் சொன்னபடி மட்டும்.

குரல்: 70 மாணவிகள் இருக்கும் வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை போய்விடும். வகுப்புக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். தொண்டை கட்டினால் கிசுகிசுவென்று பேசாதீர்கள். அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான். பேச்சையே குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பு நீடித்தால் காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

கால்: மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் கால் நரம்பு புடைத்துச் சுருட்டிக்கொள்ளும். வகுப்பில் நடந்துகொண்டே பாடம் நடத்துங்கள். நிற்கும்போது குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிஷம் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுங்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் வீடு ஒன்றும் முழுகிவிடாது!

பால் கொடுக்கும் தாய்மார்கள்: தேர்வு நாளில் மையத்துக்குப் போய் வர அரை நாள் ஆகிவிடும். பாலைச் சுத்தமான பாத்திரத்தில் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். அறையில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நம் ஊர்க் கோடையில் அதற்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். பாலாடையில் கொடுக்க ஒரு வாரம் முன்பே வீட்டில் உள்ளவரைப் பழக்கி விடுங்கள். மார்பு கட்டிக்கொண்டு வலித்தால் எழுத முடியாது. தேர்வுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் பால் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள்

“எனக்குப் படிக்க ஆசையா இருக்கு” என்று மட்டும் சொன்னால் வீட்டில், “படியேன், யார் வேண்டாம்னா?” என்பார்கள். அதோடு சரி. என்ன வேண்டும் என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி சாயங்காலம் இரண்டு மணி நேரம் என் கணவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார் என்று முடிவு செய்தோம். அந்த நாளில் ராத்திரிக்கு உப்புமாதான். யாரும் முகம் சுளிக்கக் கூடாது. தேர்வுக்கு முந்தின பதினைந்து நாள் விருந்தாளி வேண்டாம் என்று நாத்தனாரிடம் நானே போன் பண்ணிச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நான் வந்து சமைச்சுப் போடட்டுமா அண்ணி?” என்று கேட்டு, வந்தும் இருந்தார்.

எல்லா வீட்டிலும் இப்படி அமையாது. உதவி கிடைக்காத இடத்தில் வருஷத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு வருஷ எம்.ஏ.வை மூன்று நாலு வருஷத்தில் முடிக்கத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் வசதி உண்டு.

வேலை கிடைக்காவிட்டால்?

இதையும் யோசித்தே இறங்குங்கள். இந்தப் பாடம் படித்தவர்கள் யு.பி.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதலாம். அந்தத் தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம். பி.எட். சேர்த்துப் படித்தால் மேல்நிலைப் பள்ளியில் நடத்தலாம். இந்தப் பாடம் உள்ள பள்ளிகள் மட்டும் குறைவு. திறந்தநிலைப் பல்கலைக்கழக மையங்களில் சனி, ஞாயிறு வகுப்பெடுக்கலாம். பாடப் புத்தக மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஏன், ஊராட்சித் தேர்தலில் நிற்கலாமே! அப்போது ‘எந்தக் கட்சி’ என்று கேட்டாலும், ஊராட்சித் தலைவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்று விளக்கம் சொல்லலாம்.

உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டு முடிக்கிறேன். பரணில் பழைய டிரங்குப் பெட்டியில் உங்கள் பி.ஏ. சான்றிதழ் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயரோ இனிஷியலோ மாறியிருந்தால் ஆதாருக்கும் சான்றிதழுக்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விண்ணப்பம் போடும் நேரத்தில் நிறையப் பேர் திண்டாடுவது இங்கேதான். மதிப்பெண் எத்தனை சதவீதம் என்று கணக்குப் பாருங்கள். எம்.ஏ. விண்ணப்பம் ஜனவரியிலா ஜூலையிலா என்று விசாரித்து, காலண்டரில் தேதியைச் சுழித்து வையுங்கள்.

குழந்தை அழுதால் நோட்டை மூடிவிட்டுப் போய்த் தூக்குங்கள். அது தூங்கியதும் விட்ட பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். நல்லபடியாகப் படித்து வாருங்கள், வாழ்த்துக்கள்!